பதினோராவது ஆள்

அப்பாவின் சேட்டின் முதுகுப்புறத்தில் தூசி படிந்திருந்தது. வெறும் தூசி என்றால் அருந்ததி தட்டிவிட்டு ஊத்தைக் கூடைக்குள் போட்டிருப்பாள். தோளிலிருந்து இடுப்புக்குச் சற்று மேல் வரைக்கும், மேல்விளிம்பு வளைந்து, ஒரு கதிரையின் சாய்மானத்தை அப்படியே அச்சுக் குத்தியது போல அது சாம்பல் நிறத்தில் கிடந்தது. சேட்டை மூக்கருகே கொண்டுபோனாள். வௌவால் எச்சம், நனைந்து காய்ந்த தும்பு, அடியில் எங்கோ பல வருடங்களுக்கு முன் ஆறிப்போன சிகரெட் புகை. கடற்காற்றின் உப்பு வாசம் ஒரு துளியும் இல்லை.

"எங்கையப்பா போனனீங்கள்?"

"கடற்கரைக்கு."

"போய் எங்கை இருந்தனீங்கள்?"

"இருக்கேல்லை. நிண்டனான்" என்றார் கதிர்காமநாதன்.

வாசலில் கழற்றி வைத்திருந்த செருப்பை அவள் குனிந்து பார்த்தாள். மணல் இல்லை.

அவருக்கு எழுபத்தொன்பது வயது. தபால் திணைக்களத்தில் முப்பத்திரண்டு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அம்மா இறந்த பிறகு இந்த மூன்றாம் மாடி வீட்டை விட்டு அவர் வெளியே போனதை விரல் விட்டு எண்ணலாம். வைத்தியரிடம் போவதென்றாலும் அருந்ததிதான் கையைப் பிடித்து லிஃப்டில் இறக்க வேண்டும். ஏழு வருடம் நின்ற கல்யாணம் முடிந்து அவள் இங்கே திரும்பி வந்த நாளிலிருந்து அவரைக் குளிக்க வார்ப்பதும், நகம் வெட்டுவதும், தாடி வழிப்பதும் அவள் வேலை. கனடாவில் இருக்கும் தம்பி லவன் ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் வருவான்.

அப்படிப்பட்டவர், மூன்று கிழமையாக, ஒவ்வொரு நாளும் இரண்டேகாலுக்குத் தானாகவே வெளிக்கிட்டுப் போனார். ஐந்தரைக்குத் திரும்பி வந்தார். முதல் சில நாள் அவளுக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரான அவளுக்கு மூன்று மணி நேர அமைதி பெரிய விசயம். காணி உறுதிகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் பரப்பி வைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் பிந்தி வந்தாலும் நல்லதுதான் என்று ஒருநாள் நினைத்தாள். நினைத்த உடனேயே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஆடி மாதத்துக் காற்று அந்தக் கிழமை முழுக்க ஓயவில்லை. கடல் பக்கமிருந்து வந்து யன்னல் கண்ணாடிகளை அதிர வைத்துவிட்டு, போன பிறகும் எங்கேயோ ஒரு கதவைத் திறந்து திறந்து அடித்துக்கொண்டிருந்தது. ரயில் போகும்போது குசினியில் தட்டுகள் ஒன்றோடொன்று உரசின. அவளால் ஒரு பக்கத்தைக்கூட ஒழுங்காக மொழிபெயர்க்க முடியவில்லை. எழும்பினாள், இருந்தாள், மறுபடியும் எழும்பினாள். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தபோது, காலையில் வைத்த புட்டில் பாதியைக் காணவில்லை. கறியும் குறைந்திருந்தது. அலுமாரியில் சாப்பாடு சுற்றும் லன்ச் ஷீட் கட்டு பிரிந்து கிடந்தது.

பின்னேரம் அவர் பல்கனியில் நின்றார். புதிது புதிதாக எழும்பிய மாடிகளின் நடுவில், இரண்டு தெரு தள்ளி, துருப்பிடித்த ஒரு தகரக் கூரை மட்டும் பள்ளத்தில் கிடந்தது. தாரகை தியேட்டர். மூடி இருபது வருடம். அதன் பிறகு அங்கே கடை வரப்போகிறது, கார் நிறுத்துமிடம் வரப்போகிறது என்று எத்தனையோ கதை. எதுவும் வரவில்லை.

"அதை எப்ப உடைக்கினமாம்?" என்று திரும்பாமலே கேட்டார்.

"வாற திங்களாம். லிஃப்டுக்குள்ள கதைச்சுக்கொண்டு போச்சினம்."

கம்பியைப் பிடித்திருந்த அவர் கை ஒருமுறை இறுகித் தளர்ந்தது. தாரகை மூடுமட்டும் சனிக்கிழமை இரண்டரை மணிக் காட்சியைத் தவற விடாத மனிதர் அவர். மூடிய பிறகு படம் என்ற சொல்லே அவர் வாயில் வந்ததில்லை. தொலைக்காட்சியில் பழைய படம் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கவலையில் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

வியாழக்கிழமை அவள் அவருக்குப் பின்னால் போனாள்.

லிஃப்டில் இறங்கும்வரை முதுகு வளைந்திருந்த மனிதர், தெருவில் இறங்கியதும் நிமிர்ந்தார். கைத்தடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கையில் ஒரு பொதியோடு, வெயிலில் ஒருமுறைகூட நிற்காமல் நடந்தார். அவள்தான் மூச்சு வாங்கினாள். முழங்கால் நொந்தது. தாரகையின் முன்னால் அடித்திருந்த தகர வேலியில் ஒரு தகடு விலகியிருந்தது. அவர் அதற்குள் நுழைந்தார். வேலியோரம் குடை விரித்துக் குந்தியிருந்த காவலாளி, தெரிந்தவரைப் பார்ப்பது போலத் தலையை ஆட்டினார்.

அவள் கொஞ்ச நேரம் கழித்துக் கிட்டப் போனாள். சிங்களத்தில் கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டு, தாத்தாவைச் சீயா ஆக்கி, தமிழில் சொன்னார்.

"சீயா டெய்லி வாறது நோனா. மல்லிக்கு சாப்பாடு குடுக்க வாறது. பாவம்."

"ஆற்றை மல்லி?"

"சீயாட மல்லிதான். உள்ளுக்கு இருக்கிறது எண்டு சொன்னது. நான் காணல்ல. மேல எங்கயோ படுக்கிறது போல. திங்கள் உடைக்க முதல் கூட்டிக்கொண்டு போங்க."

மல்லி என்றால் தம்பி. அப்பாவுக்குத் தம்பி இல்லை. அண்ணனும் இல்லை. அவர் வீட்டுக்கு ஒரே பிள்ளை.

காவலாளி வெற்றிலையைத் துப்பத் திரும்பிய நேரத்தில் அவள் தகட்டை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு முதலில் எதுவும் தெரியவில்லை. சேட்டில் இருந்த அதே வாசம் முகத்தில் வந்து அப்பியது. பிறகு மெல்ல, டிக்கெட் கொடுக்கும் அரைவட்ட ஓட்டை தெரிந்தது. படம் ஒட்டும் கண்ணாடிச் சட்டங்கள் தெரிந்தன, கண்ணாடி இல்லாமல். சின்ன வயதில் இந்த இடத்தில்தான் அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்று கடலைச் சுருளும் ஜிஞ்சர் பியரும் கேட்டு அழுதிருக்கிறாள். அப்போது இது எவ்வளவு பெரிய மண்டபமாக இருந்தது. இப்போது கூரை தலையில் இடிப்பது போல இருந்தது. பல்கனிக்கு ஏறும் படிகளின் மேலே இருட்டு.

மேலே யாரோ கதைத்தார்கள்.

அப்பாவின் குரல். சத்தம் போடாத, நிதானமான, நோயாளியின் கட்டிலருகே இருந்து கதைப்பது போன்ற குரல்.

"ஞாயிறு லவன் எடுத்தவன். பெடியனுக்குப் பள்ளிக்கூடம் விட்டாச்சாம். அருந்ததிக்கு முழங்கால் நோ. சொல்லமாட்டாள். படி ஏறேக்கை கம்பியைப் பிடிச்சுக்கொண்டுதான் ஏறுவாள். இரவில தைலம் பூசிறவள். என்ரை மருந்துக்கு வைச்ச மணியை நேற்று ரெண்டு தரம் நிப்பாட்டினவள், களைப்பில..."

முழங்கால் நோவை அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை. அறைக் கதவைப் பூட்டிவிட்டுத்தான் தைலம் பூசுவாள்.

அந்தக் குரலுக்கு அடியில் இன்னொரு சத்தமும் இருந்தது. முதலில் காற்று என்று நினைத்தாள். காற்று இப்படி ஒரே அளவாக இழுத்து, ஒரே அளவாக விடாது. குறட்டை. யாரோ நல்ல நித்திரையில் குறட்டை விட்டார்கள்.

குரல் நின்றது.

"பொறு" என்றார் அப்பா. "கீழ ஆரோ நிக்கினம்."

குறட்டை மட்டும் தொடர்ந்தது. அருந்ததி ஓடினாள். வேலித் தகரம் கையைக் கிழித்ததுகூட வீட்டுக்கு வந்து தண்ணீர் பட்ட பிறகுதான் தெரிந்தது.

ஐந்தரைக்கு அவர் வந்தார். மறுபடியும் வளைந்த முதுகு, தட்டித் தட்டி வரும் கைத்தடி. இரவுச் சாப்பாட்டில் இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டே, அவளுடைய கைக் காயத்தைப் பாராமலே சொன்னார்.

"பிள்ளை, மத்தியானத்தில வெளியால திரியாதை. வெய்யில்."

அவள் தலையை ஆட்டினாள். அன்று அவருக்கு மருந்து கொடுக்கும்போது விரல் அவர் கையில் படாமல் கொடுத்தாள்.

வெள்ளி மத்தியானம் அவள் கொட்டாஞ்சேனைக்குப் போனாள். தாரகை வாசலில் கடைசி நாள்வரை டிக்கெட் கிழித்த ஸ்ரான்லி அங்கேதான் இருந்தார். அவருடைய மகள் ஐறீன், அருந்ததியோடு கொன்வென்ரில் படித்தவள். தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு சந்துக்குள், இரண்டு அறை வீடு. ஸ்ரான்லிக்கு எண்பத்திநான்கு வயது. ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. தாரகை என்ற பெயரைக் கேட்டதும் அவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"திங்கக்கெழம உடைக்கிறாங்களாமே? உடைக்கட்டும் மகள். இஞ்ச எத்தின தியேட்டர் இருந்திச்சு. ஒண்டு துணி ஸ்டோராப் போச்சு. ஒண்டில கலியாணம் நடக்குது. கொம்பனித்தெருவில இருந்தத கார் பார்க் ஆக்கிட்டாங்க. இப்பவும் அந்தப் பக்கம் போனா எனக்கு இன்டர்வெல் பெல் கேக்கும்."

ஐறீன் தேத்தண்ணீர் வைத்துவிட்டுப் பின்னேர வேலைக்குக் கிளம்பினாள். அவள் போகும்வரை பொறுத்திருந்து, அருந்ததி கேட்டாள்.

"அங்கிள், கடைசி ஷோவுக்கு என்ரை அப்பா வந்தவரோ?"

கைப்பையில் கொண்டு வந்த படத்தை நீட்டினாள். அம்மாவும் அப்பாவும், அவளுடைய முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த நீலக் கோடு போட்ட சேட்டோடு. ஸ்ரான்லி அதை நல்ல கண்ணுக்கு மிக அருகில் பிடித்துப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

"இதே சேட்டுத்தான்" என்றார். "பல்கனி, மூணாவது வரிச. எப்பவும் அம்மாவோட வருவாரு. அன்னைக்குத் தனியா வந்தாரு."

பிறகு அவர் படத்தைக் குப்புறக் கட்டிலில் வைத்தார்.

"நான் இத ஒருத்தருக்கும் சொன்னதில்ல மகள். அன்னைக்குப் பதினொரு டிக்கெட் கிழிச்சேன். கடைசி நாள்தானே, எல்லாருக்கும் கை குடுத்து அனுப்புவோம் எண்டு படம் முடிய வாசல் கேட்டடியில நின்டேன். பத்துப் பேருக்குத்தான் கை குடுத்தேன்."

"அப்பா?"

"அவரு வரல்ல."

"வேற வாசலால போயிருப்பார்."

"சைட் கதவ நான்தான் பூட்டினது. படம் தொடங்க முதலே."

"மேல ஏறிப் பாக்கேல்லையே நீங்கள்?"

ஸ்ரான்லி தன் முழங்கால்களைத் தடவினார். "கரண்ட் வெட்டிட்டாங்க. மெனேஜர் பூட்டிட்டுத் திறப்பு தா, திறப்பு தா எண்டு நின்டாரு. கீழ நின்டே டோர்ச் அடிச்சேன். கூப்பிட்டேன். ஒரு சத்தமும் இல்ல. பூட்டினேன். அந்த ராத்திரி நான் படுக்கல்ல. ரெண்டு நாள் கழிச்சு கோல் ரோட்டில உங்கட அப்பாவக் கண்டேன். குடை பிடிச்சுக்கொண்டு வந்தாரு. மாதாவே எண்டு ஓடிப்போய்க் கையப் புடிச்சேன்."

அவர் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னைத் தெரியாத மாதிரிப் பார்த்தாரு. அது காரியமில்ல. அந்தக் கை இருக்கே மகள்... புதுசா இருந்திச்சு. பச்சப் புள்ளைக்கு இருக்குமே, ஒரு வேலையும் செய்யாத கை, அப்பிடி. உடனே விட்டிட்டேன்."

திரும்பி வரும்போது ஆட்டோ காலி வீதியில் நெரிசலில் நின்று நின்று ஊர்ந்தது. வெயில், ஹோர்ன் சத்தம், கருகிய டீசல் மணம். அருந்ததி கம்பியைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். இருபது வருடமாக நினைத்துப் பார்க்காத ஒரு பின்னேரம் அவளுக்குள் தானாக விரிந்தது.

தாரகையின் கடைசிச் சனிக்கிழமை. மணி அடித்தது. அவள்தான் கதவைத் திறந்தாள். நீலக் கோட்டுச் சேட்டோடு அப்பா வெளியே நின்றார். உள்ளே வரவில்லை. நிலைப்படியையே பார்த்துக்கொண்டு நின்று, புது வீட்டுக்கு வந்த ஆளைப் போலக் கேட்டார்: "உள்ளுக்கு வரலாமோ?"

அவள் சிரித்தாள். "என்னப்பா பகிடியோ? வாங்கோ உள்ளுக்கு."

அம்மா குசினிக்குள் இருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவரைப் பார்த்தாள். திரும்பிப் போனாள். அன்றிரவு பாயை இழுத்துக்கொண்டு மகளின் அறைக்கு வந்தாள். "அவற்றை குறட்டைச் சத்தம் இல்லாமல் எனக்கு அங்கை நித்திரை வராது" என்றாள். என்னம்மா சொல்கிறீர்கள், குறட்டை இல்லாவிட்டால் நல்லதுதானே என்று அருந்ததி அதையும் பகிடியாகத்தான் எடுத்தாள். ஏழு வருடம், சாகும்வரை, அம்மா அந்தப் பாயில்தான் படுத்தாள். ஆஸ்பத்திரியில் கடைசி நாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அப்பாவைத் தேடு, பிள்ளை."

"அப்பா இஞ்சதானே அம்மா நிக்கிறார்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். கட்டிலின் மறுபக்கத்தில் நின்றவரைக் கடைசிவரை அவள் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வரும்போது மூன்று மணி தாண்டிவிட்டது. அப்பாவின் அறை காலி. கட்டிலில் விரிப்பு ஒரு சுருக்கமும் இல்லாமல் கிடந்தது. யாரும் ஒருநாளும் படுக்காத கட்டில் போல.

அவள் உட்காரவில்லை. தண்ணீர் குடிக்கவில்லை. தம்பிக்கு எடுக்கலாம் என்று தொலைபேசியைத் தூக்கி, அங்கே இப்போது விடியாத நேரம் என்று வைத்தாள். என்ன சொல்வது அவனுக்கு? பொலிசுக்கு என்ன சொல்வது? திங்கட்கிழமை உடைப்பார்கள். அதற்குள் ஒருவர் இருக்கிறார். இருபது வருடமாக இருக்கிறார். பூட்டிய கதவுக்குப் பின்னால் ஒரு ஆளும் தேடாமல் இருக்கிறார். நான் இஞ்ச ஆருக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தனான்?

அவள் படியால் இறங்கி ஓடினாள். லிஃப்டுக்குக் காத்திருக்க முடியவில்லை.

வானம் மூடிக்கொண்டு வந்தது. வேலியடியில் குடை மட்டும் கவிழ்ந்து கிடந்தது. காவலாளி இல்லை. தகடு காற்றில் அடித்தது. திறந்தது. அடித்தது. அவள் உள்ளே போனாள்.

படிகள். கம்பி ஈரமாக, பிசுபிசுப்பாக இருந்தது. ஒவ்வொரு படியிலும் முழங்கால் சுண்டியது. மேலே குரல் இல்லை. குறட்டை இருந்தது. ஏற ஏறக் கிட்ட வந்தது.

பல்கனி வாசலில் நின்றாள். கூரைத் தகரத்தில் எத்தனையோ ஓட்டைகள். ஒவ்வொரு ஓட்டையாலும் ஒரு வெளிச்சக் கோல் சாய்ந்து இறங்கி, வரிசைகளின் மேல் காசளவு வட்டங்களாக விழுந்திருந்தது. கீழே, திரை இருந்த இடத்தில் பெரிய கறுப்பு. கதிரைகள் எல்லாம் சாம்பல். சில சரிந்து கிடந்தன.

மூன்றாவது வரிசையின் நடுவில் ஒரு தலை தெரிந்தது.

அவள் இறங்கினாள். ஒரு படி. இன்னொரு படி. வரிசைக்குள் பக்கவாட்டாக நகர்ந்தாள்.

நீலக் கோட்டுச் சேட். நிறம் தெரியாத அளவுக்குத் தூசி. தூசி தோளில், மடியில், கண்ணாடியில், இமையில். காலடியில் லன்ச் ஷீட் பொதிகள். ஒன்றும் பிரிக்கவில்லை. ஒரு எறும்புகூட இல்லை. காதோரம் முடி கறுப்பாக இருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது.

ஐம்பத்தொன்பது வயதில், அன்று இரண்டு மணிக்குப் படியிறங்கிப் போன அதே அப்பா.

"அப்பா" என்றாள். முகத்தின் தூசியைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். கன்னம் சூடாக இருந்தது. அவளுக்கு அழுகை பொங்கியது. "அப்பா, நான் அருந்ததி. எழும்புங்கோ. வீட்டை போவம்."

"அவரை எழுப்பாதை, பிள்ளை."

பின்னால். மேலே. பல்கனி வாசலில்.

கைத்தடி இல்லாமல் நேராக நின்றார், அவள் குளிக்க வார்த்து, சோறூட்டிய கிழவர்.

"நீங்கள் ஆர்?" என்று கேட்டாள். அந்த நேரத்திலும் வாயில் நீங்கள் என்றுதான் வந்தது.

"இருபது வருசம். நான் உனக்கு என்ன குறை வைச்சனான்?" அவர் குரல் உடைந்தது. உண்மையாகவே உடைந்தது. "கொம்மாவுக்குக் கொள்ளி வைச்சது ஆர்? நீ வீட்டை திரும்பி வந்த நேரம், ஒரு கேள்வி கேட்டனானோ? அவர் எழும்பினால் நான் எங்கை போறது?"

அவள் சீட்டில் இருந்தவரின் தோளைப் பிடித்து உலுக்கினாள். குறட்டை நின்றது.

கிழவர் இறங்கினார்.

முதல் வெளிச்சக் கோல் அவர் மேல் விழுந்தது. கடந்தார். இரண்டாவது. அவர் முதுகில் வளைவு இல்லை. மூன்றாவது. கழுத்துச் சுருக்கம் இல்லை. அவள் கத்த நினைத்தாள். நான்காவது. முடி கறுத்திருந்தது. காலடிச் சத்தம் இல்லை. ஐந்தாவதில், நீலக் கோடுகள்.

அப்போது காற்று அடித்தது. கூரை முழுக்க ஒருமுறை எழும்பி விழுந்தது. மேலே தொங்கிக்கொண்டிருந்த இருபது வருடத் தூசி மொத்தமாக இறங்கியது. ஓட்டைகள் அத்தனையும் மேகத்தில் அணைந்தன.

இருட்டு.

அவள் கண்ணை, வாயை மூடிக்கொண்டாள். பிடித்திருந்த தோள் அவள் கையை விட்டு நழுவியது. ஒரு கதிரை மடங்கியது. ஒரு கதிரை விரிந்தது. மூச்சு. இரண்டு மூச்சு. மிகக் கிட்ட.

பிறகு வெளிச்சம் ஒவ்வொரு ஓட்டையாகத் திரும்பி வந்தது.

ஒருவர் இருந்தார். ஒருவர் நின்றார். இருவர் மேலும் ஒரே தூசி. அவள் மேலும். ஒரே சேட், ஒரே கண்ணாடி, ஒரே முகம். நின்றவர் கண்ணைக் கசக்கினார், நித்திரையால் எழும்பியவர் போல. அவளை உற்றுப் பார்த்தார்.

"அருந்ததியே? என்ன பிள்ளை, இப்பிடி நரைச்சுப் போனாய்?"

அவள் வெடித்து அழுதாள். அவர் அவள் கையைப் பிடித்தார்.

"வா. வீட்டை போவம்."

அவள் போனாள். வேறு என்ன செய்வாள்? கால்கள் தாமாக ஏறின. அவர் முன்னால், அவள் பின்னால், சின்ன வயதில் படம் முடிந்து போவது போல. கடைசிப் படி வரை ஏறிவிட்டாள். அப்போதுதான் தன் கைக்குள் இருந்த கையை உணர்ந்தாள். மெத்தென்று இருந்தது. பேனா பிடித்த காய்ப்பு இல்லை. ஒரு ரேகையும் தட்டுப்படவில்லை.

"திரும்பிப் பாக்காதை" என்றார் அவர்.

திரும்பினாள்.

மூன்றாவது வரிசையில் இருந்தவர் தலையைத் திருப்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்கள் அகலத் திறந்திருந்தன. உடம்பில் வேறு எதுவும் அசையவில்லை. வாய் திறக்க முயன்றது. உதடுகள் ஒட்டிப்போய் இழுபட்டன. முகத்தின் தூசியில் இரண்டு கோடுகளாகக் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவருக்கு இருபுறமும், அந்த வரிசை முழுக்க, மடங்கிக் கிடந்த கதிரைகள் ஒன்றன் பின் ஒன்றாக மெல்ல விரிந்தன.